உள்ளயே பொறக்குற தண்ணி

இல்லம்மா, அது மழைத்தண்ணி இல்ல. கூரை ஒழுகுதுன்னு நெனச்சியா? ஒழுகினாத்தான் பரவால்லையே! ஓட்டை எங்கன்னு தேடி, பசையத் தடவி அடைச்சுட்டு நிம்மதியா படுக்கலாம். இது வெளியில இருந்து வர்றதே இல்ல. உள்ளயே பொறக்குது. ஜன்னல் கண்ணாடில கை வச்சுப் பாரு. வச்சுப் பாரும்மா, கூச்சப்படாத. பாத்தியா, விரல் பட்ட எடமெல்லாம் கோடு கோடா எறங்குது. வெளிய நல்ல வெயிலு. இங்க என்னடான்னா கண்ணாடி மூக்கச் சிந்திக்கிட்டு உக்காந்திருக்கு.

உக்காரு. அங்க வேணாம், இப்படி இந்தப் பக்கம். உங்க வீட்டுக்காரரு எங்க வீட்டுக்காரரோட சேந்து இன்ஜினப் பாத்துட்டு இருக்காரு இல்ல? பாக்கட்டும். ஆம்பளைங்களுக்கு வண்டின்னா இன்ஜினும் டயரும்தான். ஓடுதா, அது போதும். நமக்கு அப்படியா? வீட்டு வண்டிங்கிறது ஓடுறது எப்பவாவது, நிக்கிறதுதான் எப்பவும். நிக்கிற வண்டிக்குள்ள சமைக்கணும், தூங்கணும், துணி காயப்போடணும். அதப் பத்தி அவரு வாயே தொறக்க மாட்டாரு. அதான் நான் சொல்றேன். வாங்க வந்தவங்ககிட்ட உள்ளத உள்ளபடி சொல்லணும்ல?

எனக்கு ஈரம் புதுசில்லம்மா. ஆஸ்பத்திரித் துணி வெளுக்குற எடத்துலதான் என் காலம் பூரா வேலை. போர்வை, படுக்கை விரிப்பு, டாக்டருங்க போடுற அங்கி, எல்லாம் மலையா குவிஞ்சு கெடக்கும். மூஞ்சிக்கு நேரா ஆவி அடிக்கும். வீட்டுக்கு வந்து முந்தானையப் புழிஞ்சா ஒரு சொம்பு தண்ணி வரும். வேலைய விட்டு வந்த அன்னிக்குச் சொன்னேன், இனிமே ஈரத்துக்கும் எனக்கும் பேச்சுவார்த்தையே இல்லன்னு. அது விட்டாத்தானே! எனக்கு முன்னாடி வண்டில ஏறி எடம் புடிச்சு உக்காந்திருக்கு.

இவரா? லாரி ஓட்டினாரு. ஊர் ஊரா சரக்கு. பாதி நாளு படுக்கையே லாரிலதான். புள்ளைங்க ரெண்டு பொறந்துச்சு, ரெண்டுக்கும் ஆளு பக்கத்துல இல்ல. நான் வேலை முடிஞ்சு வந்து செருப்பக் கழட்டுவேன், அவரு செருப்ப மாட்டுவாரு. சமையக்கட்டுல ஒருத்தர் மேல ஒருத்தர் இடிச்சுக்கிட்டதுதான் மிச்சம். குடும்பம் நடத்தினோம்னு சொல்றதவிட, ஒரே வீட்டுக்கு மாத்தி மாத்திக் காவல் இருந்தோம்னு சொல்லலாம். அப்புறம் அவருக்கும் வேலை முடிஞ்சுது. நாங்க இருந்தது என் ஆஸ்பத்திரி குடுத்த வீடு, அதையும் காலி பண்ணணும். எங்க போறதுன்னு நான் மண்டைய ஒடைச்சுட்டு இருக்கேன், இவரு இந்த வண்டியக் கொண்டாந்து வாசல்ல நிறுத்துறாரு. யாரோ ஓட்டி ஓட்டி சலிச்சுப் போட்ட வண்டி. என்னங்க இதுன்னேன். வீடுன்னாரு. நான் பாத்த ஊரையெல்லாம் நீ பாக்க வேணாமா, ஏறுன்னாரு.

சரி, அந்தக் கதை எதுக்கு. ஈரத்துக்கு வருவோம்.

முதல் குளிர்காலம். விடியக்காலைல நெத்தில பொட்டுன்னு என்னமோ விழுந்துச்சு. பல்லிதான் என்னமோ பண்ணிட்டுதுன்னு பதறி எந்திரிச்சேன். அடுத்தது கண்ணுக்குள்ள. மேல பாத்தா கூரை பூரா முத்து முத்தா வேர்த்திருக்கு. இவரு அப்படியே தூங்கி எந்திரிச்ச கோலத்தோட ஏணியப் போட்டு மேல ஏறிட்டாரு, ஓட்டை தேட. மழையே பெய்யலீங்க, எறங்குங்கன்னு நான் கீழ நின்னு கத்துறேன். பக்கத்து வண்டிக்காரங்க எல்லாம் டீய கையில வச்சுக்கிட்டு வேடிக்கை பாக்குறாங்க. உச்சி வெயில் வரைக்கும் பசையாத் தடவினாரு. கூரையில கை வைக்க எடமில்ல. மறுநாள் அதே நெத்தி, அதே சொட்டு.

அப்புறம் ஒரு மெக்கானிக்கக் கூட்டிட்டு வந்தாரு. அந்த ஆளு கூரையத் திரும்பிக்கூடப் பாக்கல. அடுப்பப் பாத்தாரு. கொடியில தொங்குற துண்டப் பாத்தாரு. அப்புறம் எங்க ரெண்டு பேரு மூஞ்சியப் பாத்தாரு. வண்டி ஒழுகலைங்க, நீங்கதான் ஒழுகுறீங்கன்னுட்டாரு! எனக்கு வந்துச்சே கோவம். அப்புறம் விளக்குனாரு. கேஸ் எரிஞ்சா அதுலயிருந்தே ஆவி வருமாம். சோறு கொதிச்சா வரும், துண்டு காஞ்சா வரும், ரெண்டு பேரு கதவ அடைச்சுக்கிட்டுத் தூங்கினா மூச்சுலயே ஒரு சொம்புத் தண்ணி வருமாம். சூடான காத்து அதையெல்லாம் தூக்கிட்டுத் திரியும், குளிர்ந்த கண்ணாடியோ தகரமோ கெடைச்சா அங்க எறக்கி வச்சிரும், அவ்வளவுதான்னாரு. அப்போ மூச்சு விடாம தூங்கட்டுமான்னு கேட்டேன். சிரிச்சுட்டுப் போயிட்டாரு. அவருக்கென்ன, அவரு வீடு செங்கல்லு.

அன்னிக்குப் புடிச்சுதும்மா இவருக்குக் கிறுக்கு. அதோ அங்க தொங்குதே, கடிகாரம் மாதிரி, அது மணி காட்டாது. ஈரம் காட்டும். நான் இங்க வெங்காயம் வதக்கிட்டு இருப்பேன், அவரு அத மொறச்சுப் பாத்துட்டே நிப்பாரு. ஏறுது ஏறுதுன்னு கத்துவாரு, என்னமோ ஆத்துல வெள்ளம் வர்ற மாதிரி. பாத்திரத்துக்கு மூடி போடணும். மேல விசிறிய ஓட விட்டுட்டுத்தான் அடுப்பையே தொடணும். தலைக்குக் குளிச்சா உள்ள காயவைக்கக் கூடாது, குளிர்ல வெளிய போயி நிக்கணும். ஈரத்துண்டு ஒண்ணு கண்ணுல பட்டாப் போதும், தூக்கிட்டு ஓடுவாரு. ஒரு நாளு நான் பொரையேறி இருமிட்டு இருக்கேன், பக்கத்துல வந்தாரு. முதுகத் தட்டப் போறாருன்னு பாத்தா, ஜன்னலத் தொறக்குறாரு! அப்புறம்தான் முதுகு.

குளிர்காலத்துல ஜன்னலத் தொறந்து வச்சுட்டு ஹீட்டர் போடுற ஆள எங்கயாவது பாத்திருக்கியா? இங்க பாக்கலாம். விரக்கடை அளவு தொறந்திருக்கணும். சூடும் வேணும், காத்தும் வேணும், ஒண்ணு இருந்து ஒண்ணு இல்லன்னா வேலைக்காகாதுங்கிறாரு. கேட்டாச் சரிதான். ஆனா அந்த விரக்கடைக் காத்து யாரு காதுல வந்து அடிக்கிது?

படுக்கையச் சொல்லல பாரு. இப்படி எந்திரி, மெத்தையத் தூக்கிக் காட்டுறேன். தூக்கு அந்தப் பக்கம். ஒரு நாளு இத இப்படித் தூக்குனா, அடிப்பக்கம் கறுப்பா பூசணம் பூத்துக் கெடக்கு. நாத்தம்னா நாத்தம், மழையில நனைஞ்ச நாய கட்டில்ல படுக்கப்போட்ட மாதிரி. மேல நாங்க சூடா படுத்திருக்கோம், கீழ பலகை ஜில்லுன்னு கெடக்கு, நடுவுல காத்து போக வழியில்ல. வேற என்ன ஆகும்? நான் அழுதே போட்டேன். ஆஸ்பத்திரி விரிப்ப எல்லாம் வெள்ளை வெளேர்னு வெளுத்துக் குடுத்த கையி, தான் படுக்குற மெத்தைய இப்படி விட்டுட்டோமேன்னு. இவரு நேரா போயி, துளை போடுற மிஷின எடுத்தாரு. பலகை பூரா துளை. இதோ பாரு, வலை மாதிரி. ஒண்ணுக்கொண்ணு ஒரே இடைவெளி. பலகைக்கு மேல இந்தச் சுருள் சுருளா இருக்குறத விரிச்சாரு, மெத்தைக்கு அடியில காத்து ஓடட்டும்னு. அதுக்கப்புறம் மெத்தை... காஞ்சுதான் இருக்கு. சரி விடு, அது காஞ்சிருந்தா மத்ததெல்லாம் காஞ்சிருமா?

அப்புறம் இந்தச் சுவத்தோரம். சுவர்ல ஒட்டிப் படுத்தா அந்தப் பக்கம் நனைஞ்சிரும். எனக்கு மூச்சிரைப்பு உண்டு, அதனால என்னை இந்தப் பக்கம் தள்ளிட்டு அவரு அங்க படுத்துப்பாரு. காலைல பாத்தா ஒரு பக்கச் சட்டை நனைஞ்சு தோள்ல ஒட்டிட்டு இருக்கும். சுவத்துக்கு உள்பக்கமா கனமா பஞ்சு மாதிரி ஒண்ணு வச்சு, மேல துணி ஒட்டி மூடுற வரைக்கும் அப்படியேதான் படுத்தாரு. ஆளு பிடிவாதம். சொன்னாக் கேக்க மாட்டாரு.

என்னது? ஈரம் உறிஞ்சுற மிஷினு நீங்களே வச்சிருக்கீங்களா? ஓ. முன்னாடியே வாங்கிட்டீங்களா. அது கரண்டு இருந்தாத்தானேம்மா ஓடும். நடுக்காட்டுல நிறுத்துனீங்கன்னா? ...கூரைல சூரியத் தகடு போடப்போறீங்க. சரி. அப்போ கண்ணாடி? ஒத்தைக் கண்ணாடிம்மா இது, குளிர் அப்படியே வரும். ...ராத்திரில வெள்ளி மாதிரி மின்னுற தடுப்ப ஒட்டி வைப்பீங்களா. எல்லாம் படிச்சுட்டுத்தான் வந்திருக்க. நல்லது. அலமாரி? அலமாரிக்குள்ள பின்பக்கம் பூசணம் புடிக்கும். என் தோல் செருப்பு பச்சையா முளைச்சுது, தண்ணி ஊத்தினா பூத்திருக்கும். ...கதவுல துளை போட்டிருக்கா? ஆமா, போட்டிருக்காரு. பாத்துட்டியா. அவருக்கு ஒரு எடம் விடக்கூடாது.

அது என்ன கையில, பேனா மாதிரி? ஈரம் பாக்குற கருவியா? சுவத்துல குத்துனா காட்டுமா? குத்து, குத்து. அந்த மூலைல குத்து, அங்கதான் மோசம். ...பச்சையா எரியுது? பச்சைன்னா? காஞ்சிருக்குன்னு அர்த்தமா. நல்லா அழுத்திப் பாரும்மா. ஜன்னலுக்குக் கீழ? அங்கயும் பச்சையா. பேட்டரி தீந்திருக்கும். கட்டிலுக்கு அடியில பாரு. கை எட்டலன்னா நான் வேணா... சரி, பச்சை. எல்லாம் பச்சை. என்ன கருவியோ. இத்தன வருஷம் இந்தச் சுவரோட மல்லுக்கு நின்ன நான் சொல்றதவிட அந்தப் பேனா சொல்றது ஒசத்தியா?

ம்? அடுப்புலயா? அது ஒண்ணுமில்ல. வெந்நீர்.

குளிக்கவா... இல்ல, குளிச்சாச்சு. சும்மா கொதிக்குது. இரு, இரு, குனியாத, ஆவி அடிக்கும். ஆமா, வெறும் தண்ணிதான். அரிசியும் இல்ல, பருப்பும் இல்ல. மேல விசிறிய யாரு நிறுத்துனா? நான்தான். ஜன்னலும் நான்தான் சாத்துனேன். எல்லாத்தையும் கேளு. அவரு காலைல எந்திரிச்சு கண்ணாடியெல்லாம் தொடச்சு, பளபளன்னு வச்சுட்டுத்தான் உங்கள எதிர்பாத்து வெளிய போனாரு. அவரு தலை மறைஞ்சதும் இருக்குறதுலயே பெரிய பானையா எடுத்து அடுப்புல வச்சேன். போதுமா?

அப்படிப் பாக்காதம்மா. கிறுக்கி இல்ல நான். நில்லு, அடுப்ப அணைச்சுர்றேன்.

நாங்க விக்கலம்மா. பையன் விக்கிறான். அவன்தான் போட்டோ புடிச்சு விளம்பரம் போட்டான். உங்களுக்கு வயசாகுது, அப்பாவுக்கு முட்டி வலி, உனக்கு இரைப்பு, ரோட்டோரத்துல ஏதாவது ஆச்சுன்னா யாரு பாக்குறது, ஊர் என்ன பேசும்னான். அக்கறைதான். தப்புச் சொல்ல மாட்டேன். ஆனா அவன் வீட்ல ஒரு ஆளுக்குத்தான் எடம். பேரனுங்க ரூம்ல ஒரு கட்டிலப் போட்டுருவானாம். இவரு அங்க போயி அதுங்கள ஸ்கூல்ல கொண்டு விடணும், கூட்டிட்டு வரணும். பொண்ணு வேற ஊரு. அவளுக்கு இப்போ கைக்குழந்தை, அவளும் வேலைக்குப் போகணும், அதனால நான் அங்க. ரெண்டு ஊருக்கும் நடுவுல ஒரு பகல் முழுக்க பஸ் ஓடணும். ஆளுக்கொண்ணா பிரிச்சுக்கிட்டாங்க. லீவுக்கு லீவு சந்திச்சுக்கலாம்மாங்கிறா. எங்கம்மா போய்ச் சேந்தப்புறம் அவங்க பீரோவையும் கட்டிலையும் இப்படித்தான் அண்ணனும் நானும் பிரிச்சோம்.

அவரு என்ன சொன்னாருன்னு கேக்குறியா? அதான் எனக்கு ஆறல. ஒண்ணுமே சொல்லல! பையன் போன்ல சொல்றான், இவரு மூக்குக்கண்ணாடியக் கழட்டித் தொடைக்கிறாரு. நான் இதோ இந்த எடத்துலதான் நிக்கிறேன். முடியாதுடான்னு ஒரு வார்த்தை சொல்லுவாரு, சொல்லுவாருன்னு பாத்துட்டே நிக்கிறேன். சரிப்பான்னாரு. அவ்வளவுதான். அவரே சரின்னதுக்கு அப்புறம் நான் என்னத்தச் சொல்றது? நானும் சரின்னேன். அன்னிலேருந்து ரெண்டு பேரும் அதப் பத்திப் பேசல. சாப்பாடு போடட்டுமா, போடு, தண்ணி புடிச்சாச்சா, புடிச்சாச்சு, இதான் பேச்சு. இந்தக் கூட்டுக்குள்ள ஒருத்தர் திரும்பினா இன்னொருத்தர் நகரணும். அப்படி இருந்தும் வாயத் தொறக்கல. அவருக்குப் போகணும்னு ஆசையோ என்னமோ. பேரனுங்கன்னா உசுரு. இல்லன்னா காலைல எந்திரிச்சு ஜன்னல் கண்ணாடிய அந்தப் பளபளப்புக்கு எதுக்குத் தொடைக்கிறாரு? விக்கணும்னு நெனக்கிறவருதானே அப்படித் தொடைப்பாரு?

கல்யாணம் ஆகி இத்தன காலத்துல, அவரு பக்கத்துல படுத்து, அவரு பக்கத்துல எந்திரிச்சது இந்த வண்டிலதாம்மா. அதுக்கு முன்னாடி எங்க. வயசான காலத்துல இதையெல்லாம் புள்ளைங்ககிட்ட சொல்ல முடியுமா? வெக்கமா இருக்காது? அதான், வர்றவங்களுக்கெல்லாம் ஈரத்தக் காட்டிட்டு இருக்கேன். இதுவரைக்கும் மூணு குடும்பம் வந்து பாத்துட்டு ஓடிருச்சு. என் வாய்க்குப் பயந்துதான் ஓடினாங்க. நீதான் அசைய மாட்டேங்கிற, பேனாவோட வந்து நிக்கிற.

ச்சே, கண்ணத் தொடச்சுக்க. நீ ஏன் அழுற? உனக்கு வண்டி புடிச்சிருக்குன்னா வாங்கிக்க, நான் சாபமெல்லாம் விட மாட்டேன். நல்ல வண்டிம்மா. இந்தக் குளிர்காலம் பூரா ஒரு சொட்டு விழல.

வாங்க தம்பி, உள்ள வாங்க. தலை இடிக்கும், குனிஞ்சு வாங்க. என்ன, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு? கெளம்பணுமா? ஏன், இன்ஜின் புடிக்கலையா?

...யாரு சொன்னா?

...எங்க வீட்டுக்காரரா?

அடிச்சட்டம் துருப்புடிச்சு ஓட்டையா? ஏறி உக்காந்து பிரேக் புடிச்சா ரெண்டா ஒடிஞ்சிரும்னாரா? அவரு வாயால சொன்னாரா தம்பி? நீங்க கீழ குனிஞ்சு பாக்கப் போனதுக்கு, பாக்காதீங்க, கண்ணுல துரு கொட்டும்னு சொல்லிக் கையப் புடிச்சு இழுத்துட்டாரா?

போன மழை முடிஞ்சதும் பாய விரிச்சு அடியில படுத்தாரு தம்பி அவரு. சட்டம் பூரா தேய்ச்சு, ஒரு ஆணி விடாம கறுப்புப் பெயின்ட் அடிச்சாரு. நான்தான் டார்ச்ச புடிச்சுட்டு நின்னேன். காலு மரத்துப் போச்சு எனக்கு. துருவா... ஒரு பொட்டுத் துரு...

அப்போ அந்த மூணு குடும்பமும் இதக் கேட்டுத்தான்...

சிரிக்காதம்மா. சிரிக்காதங்கிறேன்ல, எனக்கும் வருது.

இல்ல தம்பி, உங்ககிட்ட இல்ல. அவரு சொன்னது நெஜம்தான். பெரிய ஓட்டை. இந்த வண்டிய வாங்கிட்டு நீங்க சின்னஞ்சிறுசுங்க மாட்டிக்கக் கூடாது. வேற நல்ல வண்டியாப் பாருங்க. இவகிட்ட கேளுங்க, ஈரத்துக்கு என்ன பண்ணணும்னு இப்போ எல்லாம் தெரியும். துளை போட்ட பலகைய வேணா போட்டோ புடிச்சுட்டுப் போங்க.

அவரு எங்க? இன்னும் வெளியதான் நிக்கிறாரா? என்ன பண்றாரு? ...வண்டிப் பக்கவாட்டுல சாஞ்சுட்டு, கண்ணாடியக் கழட்டித் தொடைக்கிறாரா.

போறப்போ அவர உள்ள வரச் சொல்லிட்டுப் போம்மா. பையனுக்குப் போன் போடணும். பேசுறது நானே பேசிக்கிறேன், அவரு பக்கத்துல உக்காந்திருந்தாப் போதும்.